ஐந்து ரவையா, பத்து ரவையா?

"நீயாப் போய்க் கேட்டுடாதே, கிரி. தானா வந்து பொண்ணு கேக்கற பிள்ளைன்னா ஏதோ கோளாறு இருக்குன்னு அப்பா முடிவு பண்ணிடுவார். அவராத்தான் கேக்கணும்."

"அவர் எப்போ கேப்பார்?"

"முதல்ல பேசிப் பழகு. துப்பாக்கின்னா அப்பாவுக்கு உயிர். அதைப் பத்திப் பேசு."

"எனக்குத் தீபாவளித் துப்பாக்கின்னாலே பயம், மாதங்கி."

"அய்யே! படிச்சுக்கோயேன். பாங்க் பரீட்சையெல்லாம் படிச்சு எழுதலையா?"

நாலு மாதத்துக்கு முன்னால் டாலிகஞ்ச் மெட்ரோ படிக்கட்டில் மாதங்கி சொன்ன இந்த யோசனைதான், கல்கத்தா தர்மதலாவில் சந்து ஒன்றில் இருந்த துப்பாக்கிக் கடையில் கிரிதரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அன்று சனிக்கிழமை. பக்கத்தில் அவள் அப்பா வெங்கடசுப்ரமணியன், கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் அதிகாரி. எதிரே மேஜைமேல் அவருடைய பெரியப்பா வைத்துவிட்டுப் போன பழைய வேட்டைத் துப்பாக்கி. குழல் கெட்டி. தோளில் ஊன்றும் கட்டையைக் கரையான் தின்றிருந்தது. ரவை போடும் மாகஸின் துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் கிரிதர் என்ற 'நிபுணர்'.

நிபுணரின் சட்டைப் பையில் கௌஹாத்தி கிளைக்கு மாற்றல் உத்தரவு இருந்தது. திங்கட்கிழமை ரயில். இன்றைக்கும் இந்த மனிதர் வாய் திறக்காவிட்டால், மாதங்கியை வேறு எவனாவது கட்டிக்கொண்டு போவதை அஸ்ஸாமில் உட்கார்ந்து கடிதத்தில் படிக்க வேண்டியதுதான்.

கடைக்கு வந்த முதல் சனிக்கிழமையே சங்கடம் ஆரம்பித்துவிட்டது.

"கட்டை மரத்துலயா, ஃபைபர்லயா? நீ சொல்லு" என்றார் அவர்.

"மரம்தான், மாமா" என்றான். மரம் என்றால் மரியாதையாக இருக்கும் என்று பட்டது.

"என்ன மரம்?"

கிரிதருக்குத் தெரிந்த மரங்கள் மாமரமும் தென்னையும்தான். இருமிச் சமாளித்தான்.

அடுத்த வியாழக்கிழமை பாங்கிலிருந்து நேரே கடைக்கு ஓடி வந்து, பிமல்தாவின் காலில் விழாத குறையாக நின்றான். பிமல்தா அந்தக் கடையில் துப்பாக்கி பழுது பார்க்கும் மிஸ்திரி. முப்பது வருஷமாக அங்கேயே இருப்பவர். கிரிதர் விஷயம் முழுவதையும் கொட்டினான். அவர் சிரிக்கவில்லை; ஒரு மண்கோப்பை டீயை நீட்டி, பாடத்தை ஆரம்பித்தார். அதற்கப்புறம் வியாழன்தோறும் வகுப்பு.

படித்தது சனிக்கிழமை உதவியது. உதவியதுதான் வினையாகவும் போயிற்று.

"வால்நட் மரம், மாமா. கன்னத்தைச் சாய்ச்சுக்க ஒரு மேடு. பின்னால ரப்பர் பட்டை, அப்பத்தான் தோள்ல உதைக்காது."

"பலே! எங்கே, தோள்ல வச்சுக் காட்டு."

அவசரமாகத் தூக்கிய துப்பாக்கி, போக வேண்டிய தோளை விட்டு இடது தோளில் போய் உட்கார்ந்தது.

"அடடே, இடதுகைப் பழக்கமா!"

தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம் மாமா" என்றான்.

அவ்வளவுதான். "இடதுகைக்காரருக்குத் தகுந்த மாதிரியே கட்டையைச் செதுக்குங்கோ" என்று பிமல்தாவுக்கு உத்தரவு போய்விட்டது. அன்று முதல் மாதங்கி வீட்டில் கிரிதர் இடதுகையால் காப்பி குடித்தான். போன் நம்பரை இடதுகையால் எழுதிக் கொடுத்தான். நண்டு ஓடியதுபோல் இருந்தது. மாதங்கியின் அம்மா ஜெயலக்ஷ்மி மாமி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றாள்.

பிறகு மாகஸின். ஐந்து ரவை கொள்வதா, பத்து கொள்வதா?

"பத்து எதுக்கு மாமா? ரெண்டே போதும், மிருகம் விழுந்துடும்" என்றான், நம்பிக்கை மிதமிஞ்சிப் போய்.

வேட்டைக்குத் தடை வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. இந்தப் பையன் எதைச் சுட்டான், எங்கே சுட்டான் என்று வெங்கடசுப்ரமணியன் கேட்கவில்லை. இரண்டடி மட்டும் தள்ளி நின்றுகொண்டார். மூன்று சனிக்கிழமைகள் கல்யாணப் பேச்சின் வாசனையே இல்லை.

இன்று கட்டை தயார். பளபளவென்று இருந்தது. பிமல்தா மறை திருகிக்கொண்டிருந்தார்.

"அவசரமில்லே. மாகஸினை இன்னும் ரெண்டு மாசம் ஆறப் போட்டு யோசிப்போம்" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

கிரிதர் பதறினான். "வேண்டாம் மாமா, இன்னிக்கே முடிச்சுடலாம். எனக்கு கௌஹாத்திக்கு மாத்தல். திங்கக்கிழமை கிளம்பறேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "திங்கக்கிழமையா? அடுத்த சனிக்கிழமை வரமாட்டியா?"

"மாட்டேன், மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"கிரிதர், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு…"

கிரிதரின் நெஞ்சு தர்மதலா டிராம் மாதிரி மணியடித்தது. "கேளுங்கோ மாமா!"

"வந்து… மாகஸின் தனியாக் கழட்டற மாதிரி நல்லதா, உள்ளேயே பதிச்சது நல்லதா?"

கிரிதர் கண்ணை மூடிக்கொண்டான். "கழட்டறது சுலபம், மாமா. ஆனா உள்ளே இருந்தா தொலையாது."

"அதான் நானும் நினைச்சேன். ஆனா கழட்டறது…"

டணார் என்று ஒரு சத்தம். பிமல்தா திருப்புளியை மேஜைமேல் போட்டிருந்தார்.

"போதும், வெங்கட்பாபு!" என்றார் தன் வங்காள இந்தியில். "நீங்க இதை விக்கத்தான் இங்கே கொண்டுவந்தீங்க. பையனுக்குத் துப்பாக்கின்னா உயிர்னு பொண்ணு சொன்னாளாம், அன்னிலேர்ந்து ரிப்பேர்! புதன்கிழமை உங்களுக்குப் பாடம், வியாழக்கிழமை அதே பாடம் இவருக்கு. நீங்க கேக்கப் பயப்படறீங்க, இவர் கேக்கவே கூடாதாம். அதனால பொண்ணு வீட்டு சார்பா நானே கேட்டுடறேன். கிரிபாபு, எங்க மாதங்கியைக் கட்டிக்கிறீங்களா?"