இருபத்தாறு லட்சத்தில் ஒரு கை

அஞ்சு சீட்டு ஞானி வந்து இறங்கிய நாளிலிருந்து பழைய கிடங்கில் எள் போட்டால் எள் விழாது. பிள்ளைக்கு வேலை கிடைக்காதவர்களும் வந்தார்கள், வேலை கிடைத்த பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை என்று அழுகிறவர்களும் வந்தார்கள். ஞானி சீட்டுக்கட்டைக் கலைத்து ஐந்து சீட்டு எடுத்து வைப்பார். அதுதான் உங்கள் தலைவிதி. பார்ப்பதற்குக் காசில்லை. கெட்ட விதியைத் திருத்தும் பொடிக்கு மட்டும் காசு. நல்ல விதியாக இருந்தால்? அது கெடாமல் இருக்கவும் அதே பொடிதான்.

ஞானி முன்பு வேறோர் ஊரில் டியூஷன் வாத்தியார். அங்கே இதே சீட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தபோது பாதி பெஞ்சு காலி. வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு சொன்னதும் நிற்க இடமில்லை.

கூட்டத்தோடு கூட்டமாகத் தையற்காரரும் போனார். இரண்டு முறை அளவெடுக்காமல் ஒரு சாண் துணிகூட வெட்டாத மனிதர். ஆனால் மனைவிக்குப் பித்தப்பையில் கல். வியாழக்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் பயந்து போயிருந்தார். பயந்தவனுக்கு அளவுநாடா எதற்கு?

ஞானி அவருக்கு ஐந்து சீட்டு எடுத்து வைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினார். "முதல் சீட்டு அம்பத்திரண்டுல ஒண்ணு. அடுத்தது மிச்சம் அம்பத்தொண்ணுல ஒண்ணு. இப்படியே அம்பது, நாப்பத்தொன்பது, நாப்பத்தெட்டு. எல்லாத்தையும் பெருக்குங்க. அஞ்சு சீட்டும் சேர்ந்தா ஒரு கை, எந்த வரிசையில வந்தாலும் கை ஒண்ணுதான். அஞ்சை நூத்திருபது விதமா அடுக்கலாம், அதனால நூத்திருபதால வகுங்க. என்ன வருது? இருபத்தஞ்சு லட்சத்துத் தொண்ணூத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது கை. இருபத்தாறு லட்சம்னே வச்சுக்குங்க. அத்தனையில இந்த ஒரு கை உங்களைத் தேடி வந்திருக்கே, இது தற்செயலா?"

கணக்கில் ஒரு பிழை கிடையாது. அதுதான் கொடுமை. பொய்யைச் சொல்லி ஏமாற்றுகிறவனைப் பிடித்துவிடலாம். மெய்யைச் சொல்லி ஏமாற்றுகிறவனிடம் படித்தவனும் கைகட்டி நிற்பான்.

"கத்தி வேண்டாம்னு சீட்டு சொல்லுது. மூணு மாசம் பொடியைக் கரைச்சுக் குடுங்க" என்றார் ஞானி.

தையற்காரர் பொடியோடும், தன் ஐந்து சீட்டையும் எழுதி வாங்கிய துண்டுத்தாளோடும் வீட்டுக்கு வந்தார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டே அதை வாசித்தாள். அண்ணன்மாரோடு சீட்டாடி வளர்ந்தவள்.

"இஸ்பேட் ஏழு, கிளாவர் நாலு, டைமண்ட் ராணி, ஆர்ட்டின் ரெண்டு, ஆர்ட்டின் ஒம்பது. ஏங்க, இதுல எது எதோட சேருது? இதை வச்சுக்கிட்டு எங்கண்ணன் எதிர்ல உக்காந்தா மானம் போயிடும்."

"விளையாடாதம்மா. இருபத்தாறு லட்சத்துல ஒரு கை."

"நான் சீட்டாடின நாளெல்லாம் எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. பாதி நாள் தோத்தேன். சரி, கிளம்புங்க. அந்த ஆளை நான் பாக்கணும்."

மறுநாள் காலை கிடங்கில் ஞானி அவளுக்கும் ஐந்து சீட்டு எடுத்து வைத்தார்.

"தாயே, இது இருபத்தாறு லட்சத்துல..."

"தெரியும் சாமி. நேத்து இதே வயித்துக்கு இவர்கிட்ட வேற அஞ்சு சீட்டு காட்டினீங்க. எனக்கு இருக்கிறது ஒரு வயிறுதானே?"

"நேரம் மாறினா விதியும் மாறும்."

"ஒரு ராத்திரியில மாறுற விதிக்கு மூணு மாசம் எதுக்குப் பொடி?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அவள் திரும்பி நின்றாள்.

"இருபத்தாறு லட்சத்துல ஒண்ணுன்னு சாமி யார் யார்கிட்ட சொன்னாரோ, அவங்க கை தூக்குங்க."

கிடங்கில் ஒரு கைகூடக் கீழே இல்லை. கை தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆளாளுக்குத் தனக்கு மட்டும் வந்த அதிசயம் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வந்திருந்தது. அது அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

அவள் சீட்டுக்கட்டை வாங்கிக் கலைத்தாள். ஓரத்தில் கிடந்த கால் ஆடும் நாற்காலியை இழுத்து, அதன்மேல் ஐந்து சீட்டுகளை வைத்தாள்.

"இந்தக் கை எத்தனையில ஒண்ணு சாமி?"

ஞானி கரும்பலகையைப் பார்த்தார். அவர் எழுதிய விடை அங்கேயே இருந்தது. "நாற்காலிக்கு விதி கிடையாதும்மா" என்றார் மெதுவாக.

"கிடையாது. ஆனா அதுக்கும் அதே கணக்குதான் வருது. அஞ்சு சீட்டு எடுத்தா ஏதோ ஒரு கை வந்துதானே ஆகணும்? வந்த பிறகு 'இது எப்படி வந்துச்சு'ன்னு வாயைப் பொளந்தா எல்லாமே அதிசயம்தான். வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க. அடுத்த அஞ்சு என்ன?"

ஞானிக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. கூட்டம் பொடிப் பொட்டலங்களைத் திருப்பி எறியத் தொடங்கியதும், அவர் பின்வாசல் வழியாகத் தியானத்துக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை.

"நான் ஒரு முட்டாளும்மா" என்றார் தையற்காரர். கண் கலங்கியிருந்தது.

"பயந்துட்டீங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் வியாழக்கிழமைக்கு இடத்தை உறுதி பண்ணுவோம்."

ஆபரேஷன் முடிந்தது. அவள் நன்றாக இருக்கிறாள். கிடங்கில் மட்டும் இப்போது வேறு வரிசை. ஞானியையே ஓட வைத்த நாற்காலி அது, தொட்டால் நல்லதாம். நாற்காலிக்கு யோசிக்கத் தெரியாது, அது பேசாமல் நிற்கலாம். வரிசையில் நிற்கிறவர்களே, உங்களுக்கு என்ன கேடு?