கடைசி இருநூறு மீட்டர்

"நாலு பந்தயம் மாஸ்டர். நாலுலயும் இந்தச் சின்னக்குட்டி கடைசி இருநூறு மீட்டர்ல சோர்ந்து போச்சு. இன்னும் என்ன பெருமை?" என்றார் முதலாளியம்மா. "இன்னும் ஒரு வாரம். தேறலைன்னா, குழந்தைங்க குதிரைச் சவாரி பழகுற பள்ளிக்கு அனுப்பிடுவேன்."

பயிற்சியாளரின் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"தோளைப் பாருங்கம்மா, நெஞ்சைப் பாருங்க! முப்பது வருஷத்துல இப்படி ஒரு குட்டியை நான் தொட்டதில்லை. ஒரு தடவை ஜெயிக்கிற வரைக்கும்தான் இந்தப் பேச்செல்லாம்."

மறுநாள் காலை, ஸ்டாப்வாட்சும் கையுமாக, பந்தய நாளில் நிற்கிற அதே இடத்தில், எல்லைக்கு இன்னும் இருநூறு மீட்டர் என்று காட்டும் பலகையருகே வேலியோரம் நின்றார். சின்னக்குட்டி பறந்து வந்தது. அவருக்கு மார்பு விம்மியது. பலகை வந்ததும் அது கடைத்தெருவில் வேடிக்கை பார்ப்பவள் மாதிரி நடக்க ஆரம்பித்தது.

"ஜாக்கி சரியில்லை" என்று ஜாக்கியை மாற்றினார். மறுநாளும் அதே இடம், அதே நடை.

"நான் இழுத்துப் பிடிக்கல மாஸ்டர். அதுவா நிக்குது" என்று புது ஜாக்கி கையை விரித்தார்.

"மூச்சு எங்க வாங்குதுன்னு பக்கத்துல இருந்து பார்க்கணும்" என்று பயிற்சியாளர் நானூறு மீட்டர் பலகைக்கு நகர்ந்தார். சின்னக்குட்டி நானூறிலேயே சோர்ந்துவிட்டது.

தீவனத்தை மாற்றினார். லாடத்தை மாற்றினார். வளைவிலேயே போய்க் காத்திருந்தார். அது வளைவைத் தாண்டவில்லை.

"நல்ல முன்னேற்றம்தான்" என்றார் முதலாளியம்மா. "நாளுக்கு நாள் சீக்கிரமாவே சோர்ந்து போகுது."

கெடு முடிகிற காலை. கிளம்பும்போது கால் எப்படி விழுகிறது என்று பார்க்க, பயிற்சியாளர் ஓட்டம் தொடங்கும் இடத்துக்கே போய்விட்டார். ஜாக்கி தட்டினார், அதட்டினார், கெஞ்சினார். சின்னக்குட்டி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

முதலாளியம்மா, தினமும் புல் இறக்க வரும் லாரிக்காரரைக் கைகாட்டி அழைத்தார். "திரும்பிப் போறப்ப இதை ஏத்திட்டுப் போயிடுங்க."

பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏத்துங்க. ஆனா நான் சொன்னதுல ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன். இது ஜெயிக்கப் பிறந்த குதிரை. குறை எங்கேயோ இருக்கு, என் மண்டைக்குத்தான் எட்டல."

லாரிக்காரர் கயிற்றைக் கையில் வாங்கவில்லை.

"குதிரைக்கு ஒரு குறையும் இல்லைங்க. தினமும் பார்க்கிறேனே, நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்க வந்து நின்னு, உங்க கோட்டுப் பையில மூக்கை விட்டுக் காரட் தேடுது. அந்தக் காரட்டோட நாளைக்கு பந்தயம் முடியிற வின்னிங் போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க மாஸ்டர், அப்புறம் இதை எவன் பிடிக்கிறான்னு பார்ப்போம்!"