விண்ணப்பதாரர் ஆஜராகவில்லை

கல்யாணமாகி நாற்பது வருஷம் முடிகிற அன்றைக்கு ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை ஆசைப்பட்டால் அதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதற்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. என் அக்கா எல்சிக்கு ஆசை இருந்தது, முறை தெரியவில்லை. பினாங்கில் நடந்த சகல குழப்பத்துக்கும் அதுதான் காரணம் என்று ராயபுரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அங்கே அதற்காக நடந்த கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதியவன் நான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ஜார்ஜ் மாமா ஒரு துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற கப்பலுக்குக் கரையில் எந்த இடம் என்று ஒதுக்குகிற பிரிவு. அந்த இடத்துக்கு பெர்த் என்று பெயர். தினமும் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் நடக்கும். பெர்த் கேட்கிற ஏஜெண்ட் நேரில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அவருடைய கப்பல் மறுநாள் வரைக்கும் நடுக்கடலில் நங்கூரம் போட்டுக்கொண்டு நிற்கும், உள்ளே வாழைப்பழம் அழுகினாலும் சரி. முப்பத்தாறு வருஷம் இந்த வேலையைப் பார்த்த மாமா, ஓய்வு பெற்ற மறுநாளே கூட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மிக்ஸி ரிப்பேர், கிறிஸ்துமஸ் கேக், பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை, எல்லாமே பதினோரு மணிக்குத்தான்.

மலேசியாவில் இருக்கிற பினாங்குக்குப் பயணம் ஏற்பாடு செய்தது அவர்கள் மகன் ஆண்ட்ரூ. தங்குவதற்கு ஓட்டல் வேண்டாம், வீடு எடுக்கலாம் என்று சொன்னது மருமகள் ஜானட். "கிச்சன் கீது மம்மி, உங்களுக்கு வசதியா இருக்கும்" என்றாள். அப்படியாக என் அக்கா, மிளகாய்த்தூள் டப்பாவோடு கடல் தாண்டிப் போய், அங்கேயும் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஜானட்டின் அம்மாவுக்கு மூட்டு வலி வந்ததால் ஒரு டிக்கெட் மிச்சமாகி, அதில் நான் போனேன். என் மனைவி சீனியம்மாளை அழைத்துப் போகலாமா என்ற பேச்சு வரவில்லை. டிக்கெட் ஒன்றுதானே.

போய் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தோம். அங்கே ஒரு சின்னக் கடை. உள்ளே நாலு மேசை, வெளியே மரத்தடியில் ஒரு மேசை. கடைக்கார அம்மாள் மீனின் செவுளைத் தூக்கி வந்தவர்களுக்குக் காட்டி, அவர்கள் தலையாட்டிய பிறகு வாழையிலையில் சுற்றித் தணலில் போட்டாள். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். செவுள் பார்க்காமல் வாங்கிய மீனை அக்கா இதுவரை சமைத்ததில்லை.

"ஏங்க, வியாயக்கெயம நம்ம கல்யாண நாளு. அந்த மரத்தாண்ட கீதே மேசை, அங்க குந்திகினு ஒரு மீனு சாப்டணும். முழு மீனு. சூடா."

"அவ்ளோதானா?" என்றார் மாமா.

"நடுத்துண்டு எனக்கு."

இதை விளக்க வேண்டும். எங்கள் வீடுகளில் மீனின் நடுத்துண்டு வீட்டு ஆம்பிளைக்கு. அடுத்தது பிள்ளைக்கு, அதற்கடுத்தது வந்தவர்களுக்கு. தலையும் வாலும் சமைத்தவளுக்கு. அவள் உட்காரும்போது குழம்பு ஆறியிருக்கும். இந்தச் சட்டத்தை யாரும் போடவில்லை. அதனால் யாராலும் திருத்தவும் முடியவில்லை.

மாமா முகம் மலர்ந்து சொன்னார். "நல்ல கோரிக்கை. நாளைக்கு பதினோரு மணிக்கு எடுத்துக்கலாம்."

மறுநாள் காலை 'திருமண நாள் விருந்து உணவக ஒதுக்கீட்டுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் மாமா. தொழில்நுட்ப உறுப்பினர் ஆண்ட்ரூ, ஏனெனில் செல்போன் அவனிடம் இருந்தது. நாகரிக உறுப்பினர் ஜானட். குறிப்பாளர் நான். அக்கா விண்ணப்பதாரர் என்பதால் குழுவில் இடம் பெறத் தகுதியில்லை. தனக்கு வேண்டியதைத் தானே ஒதுக்கிக்கொள்வது முறைகேடு.

"விண்ணப்பதாரர் எல்சி ஜார்ஜ்" என்று மாமா மூன்று முறை கூப்பிட்டார்.

"இன்னாங்க, எண்ண காஞ்சிகினு கீது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கூட்டத்துக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா என்னைப் பார்த்தார். "எழுது ஜெபசிங். விண்ணப்பதாரர் ஆஜராகவில்லை."

"அக்கா உள்ளதான கீது மாமா?"

"உள்ள கீது. கூட்டத்துல இல்ல."

மேற்படி கோரிக்கை செவ்வாய்க்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. வடை நன்றாக இருந்தது. அதையும் பதிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா கையில் கரண்டியோடு வந்து ஆஜரானாள். ஆண்ட்ரூ செல்போனைத் தடவி, அந்தக் கடைக்கு நாலு புள்ளி ஒன்று நட்சத்திரம்தான் என்று அறிவித்தான். "நாலரைக்குக் கீழ போறதில்ல மம்மி. பாரு, ஒருத்தர் ஒரே ஒரு ஸ்டார் குடுத்துகிறாரு. கார் நிறுத்த எடமில்லையாம்."

"நம்மகிட்ட காரே இல்லியே நைனா."

"அது வேற மம்மி. குறைன்னு ஒண்ணு பதிவாயிடிச்சி இல்ல?"

அடுத்து ஜானட் எடுத்துச் சொன்னாள். இப்போதெல்லாம் யாரும் வெளியே போய்ச் சாப்பாடு சாப்பிடுவதில்லையாம், அனுபவம்தான் சாப்பிடுகிறார்களாம். ஒரு இடத்தில் கும்மிருட்டில் உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். இன்னொரு இடத்தில் தட்டிலிருந்து புகை வருகிறது, கடைசியில் மிட்டாயைக் கொடியில் துணி மாதிரி கிளிப் போட்டுக் கொண்டுவருகிறார்கள்.

"சாப்பாடு எப்டி கீதாம்?" என்று அக்கா கேட்டாள்.

ஜானட் செல்போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அதப்பத்தி யாரும் எழுதல மம்மி."

கருத்து வேற்றுமை ஏற்பட்டதால், புதன்கிழமை மூன்று உணவகங்களையும் நேரில் ஆய்வு செய்வது என்று தீர்மானம் ஆயிற்று. அக்கா கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நானும் வரட்டா?" என்றாள்.

"நீ வந்தா ஆய்வு ஒருதலைப்பட்சமா பூடும்" என்றார் மாமா. நியாயமான பேச்சு.

இருட்டுக் கடையில் எதையோ சாப்பிட்டோம். 'உண்ட பொருள் கண்டறியப்படவில்லை' என்று எழுதும்படி மாமா சொன்னார். புகைக் கடையில் புகை நன்றாக வந்தது. ஆண்ட்ரூவுக்கு இருமலும் வந்தது. பசி மட்டும் போகவில்லை. எனவே அக்கா சொன்ன கடைக்கு வந்து, அக்கா சொன்ன அதே மரத்தடி மேசையில், பொறுப்போடு உட்கார்ந்தோம். நாலு பேருக்கு நாலு மீன். நடுத்துண்டில் விரலை வைத்தால் சதை பாளம் பாளமாகப் பிரிந்தது. தலையையும் வாலையும் தொடவில்லை, அவை ஆய்வு வரம்புக்குள் வரவில்லை. 'மீன் மிக நன்று. மேசையின் ஒரு கால் ஆடுகிறது. முடிவு நிலுவையில்' என்று அறிக்கை தயாரித்தேன்.

திரும்பி வந்தபோது அக்கா சோறு வடித்து, முட்டைக் குழம்பு வைத்து, தட்டுகளைக் கவிழ்த்துவைத்துக் காத்திருந்தாள். யாருக்கும் பசியில்லை. "எடுத்து வெய், நாளைக்கு ஆவும்" என்றார் மாமா.

அக்கா அறிக்கையை வாங்கி இரண்டு தரம் படித்தாள். "சூடா குடுத்தாங்களா தம்பி?"

"சூடாதான்கா."

"நல்லது" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. குறிப்பில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அக்கா நீலப் பட்டுச் சேலை கட்டி, கைப்பையோடு வந்து நின்றாள். மாமா மனம் நெகிழ்ந்து, "விண்ணப்பதாரர் ஆஜர்" என்று தாமே சொன்னார். ஆனால் புதன்கிழமை அறிக்கையைக் காணவில்லை. அறிக்கை இல்லாமல் எப்படி முடிவெடுப்பது? நான் பையைத் துழாவினேன். ஆண்ட்ரூ, ஆபீஸ் போன் வந்து மாடிப்படிக்குப் போய்விட்டான். ஜானட், வெயில் நேர் மேலே இருக்கும்போது முகத்தில் நிழல் விழும், படம் சரியாக வராது, மூன்றரை மணிக்குப் போகலாம் என்று ஆட்சேபம் தெரிவித்தாள். மாமா தலையைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "எல்சி, டீ போடு" என்றார்.

அக்கா கைப்பையோடு போனாள்.

அதன் பிறகு விவாதம் சூடுபிடித்தது. ஆண்ட்ரூ திரும்பி வந்தான். கார் நிறுத்துமிடம் பற்றிய குறையை, நம்மிடம் கார் வரும் காலம்வரை தள்ளிவைக்கலாம் என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டான். நிழலை ஜானட் விட்டுக்கொடுத்தாள். முக்கால் மணி நேரத்தில், கோரிக்கை ஒருமனதாக அனுமதிக்கப்பட்டது. மாமா எழுந்து நின்று, "எல்சி, சேங்சன்" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. டீயும் வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்பு பற்றவே வைக்கப்படவில்லை. வாசலில் செருப்பு இல்லை.

ஓட்டமும் நடையுமாக அந்தக் கடைக்குப் போனோம். மரத்தடி மேசையில் அக்கா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் வாழையிலையில் ஒரு முழு மீன், ஆவி பறந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. செவுளைத் தானே தூக்கிப் பார்த்து, மூன்றைத் தள்ளி நாலாவதை எடுத்தாளாம். கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே ஜாடையில் காட்டினாள். மேசை ஆடவில்லை. ஆடிய காலுக்கு அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு, "எல்சி, சேங்சன் ஆயிடிச்சி" என்றார்.

"சந்தோசம்" என்றாள் அக்கா, முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டே. "இப்ப பெர்த்துல கப்பல் கீது. சரக்கு எறங்கிகினு கீது. கெளம்பனதும் வாங்க. அதுவரைக்கும் வெளிய நில்லுங்க."

ஆண்ட்ரூ நாற்காலியை இழுக்கப் போனான். மாமா அவன் கையைப் பிடித்தார். "தொடாதடா. ரூலு அதான்."

நாங்கள் நாலு பேரும் வெயிலில் வரிசையாக நின்றோம். அக்கா அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாயையும் மென்று, இடையில் கடலைப் பார்த்து, மறுபடி ஒரு வாய். நாற்பது நிமிஷம் ஆயிற்று. நாற்பது வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மாமா என் காதருகே குனிந்து, "கரெக்டாதான் பேசறா" என்றார். நல்ல அதிகாரி எப்போதும் நல்ல அதிகாரிதான்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அக்கா இலையை எங்கள் பக்கம் நகர்த்தினாள். அதில் தலையும் வாலும் இருந்தன. ஆறியிருந்தன.

"குழுவுக்கு" என்றாள்.

தின்றோம். மாமாவும் தின்றார்.

ஊர் திரும்பியதும் இந்தக் கதையை ராயபுரத்தில் யார் கேட்டாலும் சொன்னேன். கோயில் வாசலில் சொன்னேன், பரோட்டாக் கடையில் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாம் மாமாவை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைசியாக, சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது சீனியம்மாளிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள், நின்றுகொண்டே.

"இன்னும் ஒரு துண்டு வைக்கட்டா?" என்றாள்.

"வெய்யி."

வைத்தாள். வஞ்சிரம். அருமையான துண்டு. பாதி தின்ற பிறகுதான் சட்டியை எட்டிப் பார்த்தேன். அதில் ஒரு தலையும் ஒரு வாலும் கிடந்தன. சீனியம்மாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. இதை இப்படியே விட்டுவிடக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். ஆனாலும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற காரியமா இது? கையிலிருந்த துண்டைத் தின்று முடித்து, ஜார்ஜ் மாமாவுக்குப் போன் போட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் கூட்டம். சீனியம்மாளும் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். டீ போட்டுவிட்டு வந்தால் போதும்.