பதவியில்லாத பத்துப் பேர்

உலகத்தில் தலைவர்கள் போதாது என்று பாரிசில் ஒரு நிறுவனம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. தென்கிழக்காசியாவில் இருந்து ஆண்டுக்குப் பன்னிரண்டு இளைஞர்களை அழைத்துவந்து, ஐந்து வாரத்தில் தலைவர்களாக்கித் திருப்பி அனுப்புவதெனத் தீர்மானித்தது. ஏன் ஐந்து வாரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறாவது வாரம் மண்டபத்தை வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

2016இல் வந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி லக்சனா. மலேசியா, தைப்பிங். வயது இருபத்தேழு. ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். மூன்று வருடமாகத் தற்காலிகம். சான்றிதழோடு வந்தால் வேலை நிரந்தரம், இல்லாமல் வந்தால் வீட்டில் இருக்கலாம் என்று கல்லூரி முதல்வர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே அவளுக்கு வேண்டியது தலைமைத்துவம் இல்லை. சான்றிதழ்.

முதல் வாரம், தலைமைத்துவம் என்றால் என்ன என்று வர்ணக் கடதாசித் துண்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். இரண்டாம் வாரம், கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தார்கள். மற்றவர்கள் பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் நம்பிக்கை. மூன்றாம் வாரம், ஒட்டிய துண்டுகளைக் கழற்றி வேறு சுவரில் ஒட்டினார்கள். அதற்குப் பெயர் மாற்றம்.

நான்காம் வாரம் படிவம் ஏழு வந்தது.

இணைப்பாளர் மரி-லூயிஸ் நல்ல பெண். விதியை மீறி ஒரு தும்மல்கூடத் தும்மமாட்டாள். அவள் விளக்கம் சொன்னாள். தலைவர் என்பவர் தலைவரல்லாதவர்களையும் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே, எந்த அமைப்பிலும் எந்தப் பதவியும் வகிக்காத பத்துப் பேரைக் கண்டு, பதினாறு கேள்விகள் கேட்டு, கையொப்பம் பெற்றுவர வேண்டும். பத்தில் ஒன்று குறைந்தாலும் பயிற்சி பூர்த்தியாகவில்லை எனக் கருதப்படும். கடைசி நேரம் அடுத்த திங்கள் பின்னேரம் ஐந்து மணி. செவ்வாய் சான்றிதழ் விழா.

மற்றவர்களுக்கு மீன்சந்தை, பஸ் நிலையம், பிஸ்கட் தொழிற்சாலை என்று பிரித்துக் கொடுத்தாள். அவரவர் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். லக்சனாவுக்கு லா சப்பல், பாரிசில் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த பகுதி.

"நீங்கள் தமிழ். அவர்களும் தமிழ். உங்களுக்கு அரைநாள் வேலை."

புதன்கிழமை காலை லக்சனா கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தாள். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் முதலில் கண்ணில் பட்டது ஒரு மரக்கறிக் கடை. முதலாளி மகேந்திரராசா வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க ஏதாச்சும் சங்கத்துல பதவியில இருக்கீங்களா?"

அவர் கையைத் துடைத்துவிட்டு ஒரு அட்டையை நீட்டினார். முன்பக்கம், ஊர் ஒன்றியத் தலைவர். பின்பக்கம், பழைய மாணவர் சங்க உபதலைவர், பூப்பந்துக் கழகப் போசகர், தேர்த்திருவிழாக் குழு ஆலோசகர்.

"இதிலை இடம் காணாது பிள்ளை. புதுசு அடிக்கக் குடுத்திருக்கிறன்."

பதவியில்லாதவர்களைத்தான் தேடுகிறேன் என்றாள் லக்சனா. மகேந்திரராசா தராசை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்பிடியான ஆக்களை ஏன் தேடுறீர்? ஏதும் களவு போயிட்டுதோ?"

அங்கே தொடங்கியது. முடிவெட்டுகிறவர் ஒரு செயலாளர். சேலைக் கடைக்காரர் ஒரு பொருளாளர். ரெலிபோன் திருத்துகிறவர் ஊடகப் பொறுப்பாளர். எந்த ஊடகம் என்று அவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மூன்று வாரமே ஆன ஒருவர் இருந்தார். மெத்ரோவில் எந்தப் பக்கம் ஏறுவது என்று இன்னும் பிடிபடாதவர். அவர் இளைஞர் அணி அமைப்பாளர். அவருடைய ஊர்ச் சங்கத்தில் இருபத்துமூன்று பேர், இருபத்துமூன்று பதவி. இவர் வந்து இறங்கியதும் சங்கத்தின் விதி யாப்பைத் திருத்தி இருபத்துநான்காவது பதவியை உருவாக்கியிருந்தார்கள். உருவாக்காமல் விட்டால் அவர் வெறும் உறுப்பினராக அல்லவா இருந்திருப்பார்.

வியாழன் ஒரு தையல் கடையில் நம்பிக்கை பிறந்தது. தைத்துக்கொண்டிருந்த தில்லைநாயகி, தனக்கு ஒரு பதவியும் கிடையாது, பிறகும் வேண்டாம் என்றாள். லக்சனாவுக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பதினோராவது கேள்வி வரை எழுதிவிட்டாள். அப்போது புருசன் தர்மராசா உள்ளே வந்தார்.

"ஆர் சொன்னது இல்லையெண்டு? போன ஞாயிறு உன்னை மகளிர் அணித் தலைவியாக்கினதெல்லே."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நீ உள்ளை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனி. ஏகமனதாய்த் தெரிவு."

தில்லைநாயகி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். லக்சனா தாளைக் கிழித்தாள்.

வெள்ளி மத்தியானம் வரை கணக்கு பூச்சியம். பசி வந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் புகுந்து இடியப்பம் சொன்னாள். குசினிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒருவர் முழங்கை வரை நுரையோடு நின்றார். நாற்பது வயது இருக்கும். அவள் எழுந்து போய்க் கதவடியில் நின்றாள். கேட்கவே பயமாக இருந்தது.

"அண்ணே, நீங்க என்ன பதவி?"

"கோப்பை கழுவுறன்."

"அது இல்லீங்க. சங்கம், ஒன்றியம், அந்த மாதிரி?"

"அதுக்கு எங்கை நேரம் தங்கச்சி? இஞ்சை மூண்டு மணி வரை. அஞ்சு மணிக்கு வேறை இடம். அங்கையும் கோப்பைதான்."

பெயர் கலைமாறன். வன்னியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்தப் படிப்பு இங்கே செல்லாது. பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெலில் ஒரு வீட்டில் பத்துப் பேராக இருக்கிறார்கள். பத்துப் பேருக்கும் இதே நிலைமை, ஒருவருக்கும் ஒரு பதவியும் இல்லை.

பத்து. லக்சனா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். தன் வேலைக் கதையை முழுக்கச் சொன்னாள். கலைமாறன் கையைத் துடைத்துவிட்டுக் கேட்டார். தான் ஆறு வருடம் தற்காலிக வாத்தியாராக இருந்ததாகவும், அந்தக் கஷ்டம் தெரியும் என்றும் சொன்னார். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எல்லாரும் வீட்டில் நிற்பார்கள், வந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார்.

கலைமாறன் வாய் பொத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளை வீட்டுக்கு வருகிறதே, வெறும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பலாமா? சனிக்கிழமை மகேந்திரராசாவின் கடைக்கு வெங்காயம் வாங்கப் போனார். இவ்வளவு வெங்காயம் எதற்கு என்று முதலாளி கேட்டார். ரோல்ஸ் போட என்று தொடங்கி இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மகேந்திரராசா கெட்டவர் அல்ல. அவர் யோசித்தது இவ்வளவுதான். வெளிநாட்டில் இருந்து ஆராய்ச்சிக்கென ஒரு பிள்ளை வருகிறது. எங்கள் ஆட்கள் பத்துப் பேர் ஒழுங்கில்லாமல் நிலத்தில் குந்தியிருந்தால் அது என்ன நினைக்கும்? யார் வரவேற்பது? யார் நன்றியுரை சொல்வது?

ஞாயிறு நாலு மணிக்கு லக்சனா RER D ரயில் எடுத்து, பஸ் மாறி, வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள். திறந்தவர் கழுத்தில் மாலை. அறைக்குள் குத்துவிளக்கு எரிந்தது. சுவரில் ஒரு பதாகை: பதவியற்றோர் நலன்புரி ஒன்றியம், அங்குரார்ப்பணக் கூட்டம். நடுக்கதிரையில் கலைமாறன் பொன்னாடையோடு இருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். ஆனால் மாலையைக் கொண்டு வரேக்குள்ளை தலையைக் குனிஞ்சுபோட்டன்."

மகேந்திரராசா எழுந்து நிர்வாகத்தை அறிமுகம் செய்தார். தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், நான்கு செயற்குழு உறுப்பினர்கள். பத்து. போசகர் தாமே. பொதுச்சபை உறுப்பினர்களைப் பிறகு சேர்க்கலாம் என்றார்.

லக்சனா கலைமாறன் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணே, நீங்க ராஜினாமா பண்ணிடுங்க. பத்துப் பேரும். இப்பவே."

"நான் எழுதித் தாறன்," என்றார் கலைமாறன். பேனாவையும் எடுத்துவிட்டார்.

"எழுதலாம்," என்றார் மகேந்திரராசா. "ஆனால் ஏற்கிறதுக்கு நிர்வாகக் குழு கூட வேணும். பதினாலு நாள் அறிவித்தல். அதுக்குப் பிறகும் அவர் முன்னாள் தலைவர். அதுவும் பதவிதான் பிள்ளை. மேடையிலை முன்வரிசை."

யாப்பில் அப்படித்தான் இருந்தது. யாப்பை அன்று காலைதான் எழுதியிருந்தார்கள்.

ரோல்ஸ் நன்றாக இருந்தது. லக்சனா இரண்டு சாப்பிட்டாள், நன்றியுரை முடியும்வரை இருந்தாள், அழாமல் பஸ் ஏறினாள்.

திங்கள் நாலு மணிக்கு மரி-லூயிஸின் மேசையில் வெற்றுப் படிவங்கள் பத்தை வைத்தாள். மரி-லூயிஸுக்குப் பாவமாக இருந்தது. பாவத்தை விடப் பெரிய கவலையும் இருந்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள், பன்னிரண்டு தலைவர்கள் உருவானார்கள் என்று ஆண்டறிக்கை ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. அவள் விதிப் புத்தகத்தை எடுத்தாள். இருபது நிமிடம் வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உங்களுக்குச் சான்றிதழ் எப்போது?"

"நாளைக்கு."

"அதுவரை நீங்கள் யார்?"

லக்சனாவுக்கு விளங்கவில்லை.

"விதி மூன்று. சான்றிதழ் பெற்றவரே தலைவர். அப்படியானால் இன்று மாலை இந்தக் கட்டடத்தில் இருக்கிற யாரும் தலைவர் இல்லை."

பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் தங்கள் நாடுகளில் பெரிய பெரிய பதவியில் இருக்கிறார்களே என்றாள் லக்சனா.

"அது அங்கே. இங்கே செல்லாது."

மற்றப் பதினொரு பேரையும் கூப்பிட்டார்கள். லாவோஸ்காரரை முதல் வாரமே குழுத் தலைவராக்கியிருந்தபடியால் அவருக்குத் தகுதியில்லை. மிச்சம் பத்து. பத்துப் பேரும் உட்கார்ந்து, பெயர் எழுதாமல், கேள்விகளுக்கு மனம்விட்டுப் பதில் எழுதினார்கள். ஐந்து வாரத்தில் அவர்கள் மனம்விட்டு எழுதியது அதுதான் முதல் தடவை. உங்கள் பேச்சை யாராவது கேட்கிறார்களா? இல்லை. முடிவெடுக்கும்போது உங்களைக் கேட்கிறார்களா? இல்லை. தலைவர்கள் உங்களுக்கு ஏதாவது செய்திருக்கிறார்களா? வர்ணக் கடதாசி தந்தார்கள். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கக் கையொப்பம் முடிந்தது.

செவ்வாய் லக்சனா சான்றிதழ் வாங்கினாள். தைப்பிங்கில் வேலை நிரந்தரமானது. இப்போது அங்கே தலைமைத்துவம் கற்பிக்கிறாள்.

லா சப்பல் என்று தலைப்பிட்ட அந்தப் பத்துப் படிவமும் மேலிடத்துக்குப் போனது. மேலிடம் கண்கலங்கியது. லா சப்பல் சாதாரண மக்களின் குரல் இவ்வளவு உண்மையாக இதற்குமுன் ஒலித்ததில்லை என்று குறிப்பு எழுதியது. இந்த மக்களைக் கேட்க நாதியில்லை, இவர்களுக்கு உடனடியாகத் தலைவர்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அடுத்த வருடம் இருபத்துநான்கு பேர் வருகிறார்கள்.