டெப்டி ஐயா சொன்ன சொல்

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டு முடித்த டெப்டி இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் ஏறும்போது இங்கிலீஷில் ஏதோ சொன்னார். காளைகளின் சலங்கைச் சத்தத்தில் அருளம்மாள் டீச்சருக்கு ஒரே ஒரு சொல்தான் கேட்டது. 'கண்டைன்.'

முதலில் அவள் அதைக் 'கண்டேன்' என்றே எடுத்துக்கொண்டாள். ஆவூரை அடுத்த அந்த ஓராசிரியர் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் மூடிவிடுவார்கள். அதனால் அன்றைக்கு மட்டும் அக்காள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தாள். அதைத்தான் கண்டுவிட்டாரோ?

மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சந்தனசாமியிடம் போய், பிள்ளைகள் சங்கதியை மறைத்துவிட்டு, அந்தச் சொல்லை மட்டும் கேட்டாள். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"லத்தீன் பூசையில 'திக்னும்'னு வருதுல்ல, டீச்சர்? தகுதின்னு அர்த்தம். முன்னால 'கான்' சேந்தா முழுத் தகுதி. ஒங்களைத்தான் சொல்லியிருக்காரு."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் உபதேசியாரின் வாய் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் டீச்சருக்கு கவர்மெண்டு பரிசு வரப்போகிறது என்று ஊரே பேசியது. புருஷன் அடைக்கலம் சொந்தபந்தங்களுக்குச் சொல்லியனுப்பிக் கிடாய் வெட்டினார். பங்குச் சாமியார் மாலை போட்டார்.

மாலை விழுந்ததும் அவளுக்குக் கழுத்து உறுத்தியது. முழுத் தகுதி என்று சொன்னவர் முகத்தில் ஏன் ஒரு சிரிப்புகூட இல்லை?

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கீரனூருக்கு பஸ் ஏறினாள். அங்கே ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் நாகராசுவிடம் தலையணை மொத்தத்தில் அகராதி இருந்தது. புரட்டிப் பார்த்தவர், உபதேசியார் சொன்ன வேர் சரிதான் என்றார். ஆதியில் நல்லதற்கும் அந்தச் சொல் வழங்கியதாம். இங்கிலாந்தின் பழைய சட்டங்களில் தண்டனையோடு சேர்த்தே எழுதி எழுதி, நல்ல அர்த்தம் கழன்று போய்விட்டதாம்.

"இப்ப?" என்றாள்.

"இப்ப, செஞ்ச தப்புக்குத் தகுந்த தண்டனைக்கு மட்டும்தாங்க."

சேராத இடத்தில் சேர்ந்தால் ஒரு சொல்கூடவா கெட்டுப்போகும் என்று அவள் அதிசயப்பட்டாள். அப்புறம்தான் அந்தத் தண்டனை தனக்கு என்று உறைத்தது.

அங்கிருந்தே புதுக்கோட்டையிலுள்ள டெப்டி ஆபீசுக்குப் போனாள். டெப்டி ஐயா 'உட்காருங்க' என்று சொல்லி முடிப்பதற்குள், இரவல் பிள்ளைகள் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, அடுத்த வாரம் மறுபடி வந்து தானே தலையெண்ணப்போவதாக மெதுவாகச் சொன்னார்.

வாசலில் பியூன் மலையாண்டி நின்றார். அன்று டெப்டியோடு வண்டியில் வந்தவர்.

"கண்டைன்னு சொன்னப்பவே, ஐயா கண்டுபிடிச்சிட்டாருன்னு எனக்குத் தோணுச்சுங்க," என்றாள்.

"அதுங்களா? டாக்டர் வேணாம்னு சொல்லியும் கேக்காம பலாச்சுளையைத் தின்னுட்டு, வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஐயா தனக்குத்தானே சொல்லிக்கிட்டதும்மா அது."