யார் கையும் படாத சரக்கு

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தி என்றுதான் எழுதுகிறேன். முந்தாநாள் தொலைபேசியில் நீங்கள் என்னைக் "கடைக்காரரே" என்று கூப்பிட்டதை, சிக்னல் சரியில்லாததால் காதில் விழாததாக வைத்துக்கொண்டேன். இங்கே நானும் வீட்டாரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் சம்பந்தியம்மாள் சுகத்தையும், விசேஷமாக மாப்பிள்ளையின் இடது கணுக்காலின் சுகத்தையும் அறிய ஆவல். வீக்கம் வடிந்துவிட்டதாக என் மகள் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கல்லாவில் உட்கார்ந்தபடி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.

போனை நீங்கள் பாதியில் வைத்துவிட்டதால் மீதியை எழுத்தில் சொல்கிறேன். எழுத்தில் ஒரு வசதி உண்டு, நடுவில் வைத்துவிட முடியாது. கிழிக்கலாம்தான். ஆனால் கிழிக்கிறவரும் ஒருதரம் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்.

நான் படித்து முன்னுக்கு வந்தவன் இல்லை. நடைபாதையில் சாக்கை விரித்து நாலு ஜோடி ஷூ வைத்து விற்கத் தொடங்கி, கண்ணாடிக் கதவு போட்ட கடை வரைக்கும் வந்தவன். என் கடையில் எந்த ஜோடியும் ஒரு பருவத்துக்கு மேல் அலமாரியில் உட்கார்ந்திருந்தது கிடையாது. வாங்கு, தள்ளு, மறுபடி வாங்கு, இவ்வளவுதான் நான் படித்த படிப்பு. அப்பேர்ப்பட்டவன் கடையை நோய் வந்து பூட்டியது. ஊரே வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. துணிக் கடைக்காரர்கூடத் தாக்குப்பிடித்தார், ஏனென்றால் திரையில் முகம் காட்டவாவது ஒரு நல்ல சட்டை வேண்டியிருந்தது. எனக்குத்தான் வழியில்லை. மனுஷனுக்கு இடுப்புக்குக் கீழே ஓர் உலகம் இருப்பதையே எல்லாரும் மறந்துபோனார்கள். ரெண்டு வருஷம் நானும் என் சரக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

ஒருவழியாகக் கட்டுப்பாடுகள் தளர்கின்றன, அலுவலகங்கள் திறக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும் தெருவுக்கு உயிர் வந்தது. கூடவே பயமும் வந்தது. முடிதிருத்தும் கடை வாசலில் காது எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எதிர்த்தாற்போல் இருக்கும் தையல்காரர் மூச்சுவிட நேரமில்லாமல் ஊர்க்காரர்களின் பழைய கால்சட்டைகளுக்கு இடுப்பைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அரசாங்கம் தளர்த்தியதைவிட அவர் தளர்த்தியது அதிகம். வெளியே போகவும் ஆசை, போனால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோமோ என்று கலக்கம். என் கடைக்கு வந்தவர்கள் ஒரு காலை உள்ளே வைத்து மற்றதை வெளியிலேயே வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒருவர் உட்கார்ந்து போட்டுப் பார்க்கத் தன் வீட்டு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொருவர் ரெண்டு காலிலும் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு ஷூவுக்குள் காலை விட்டவர், எழுந்தபோது ஷூ வராமல் பை மட்டும் வந்து, வழுக்கிக்கொண்டே கல்லா வரைக்கும் போய் என் மகளுக்கு வணக்கம் சொல்லி நின்றார். ஓர் அம்மா கிருமிநாசினி பாட்டிலோடு வந்து ஷூவில் அடித்தார், ஸ்டூலில் அடித்தார், கடைசியில் என்மேலும் அடித்துவிட்டு விலை கேட்டார். ஆனால் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: இதை இதுக்கு முன்னாடி யாராவது போட்டுப் பார்த்தாங்களா?

வியாபாரிக்குக் காற்று அடிக்கிற திசை தெரிய வேண்டும் சம்பந்தி. முன்பெல்லாம் புதுச் சரக்கு, நேற்றுத்தான் வந்து இறங்கியது என்று சொன்னால் விற்கும். இப்போது பழைய சரக்கு, ரெண்டு வருஷமாக யார் கையும் படவில்லை என்று சொன்னால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப் போனார்கள். அந்த வார்த்தையை நான் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. வாயில் வந்தது, விற்றது, வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் நீங்களும் மாப்பிள்ளையும் வந்தீர்கள். அவருக்கு வேலை கிடைத்தது திரையில், வேலை பார்த்ததும் திரையில், மேலதிகாரி அவரைப் பார்த்திருப்பது மார்பு வரைக்கும்தான். நம் பிள்ளைகளுக்கு நிச்சயம் செய்ததும் அப்படித்தானே, எனக்கே அவர் உயரம் அன்றைக்குத்தான் தெரிந்தது. முதன்முதலாக முழு ஆளாக அலுவலகத்துக்குப் போகிறார், ஷூ பளிச்சென்று இருக்க வேண்டும் என்றீர்கள். நான் முதலில் எடுத்துக் காட்டியது அன்று காலையில் வந்த புதுப்பெட்டியிலிருந்து. இதை நீங்கள் மறந்திருந்தால் என் மகள் சாட்சி. நீங்கள் ரெண்டடி பின்னால் போய், "அந்தப் பெட்டியை இறக்கினவர் தும்மினாரா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றீர்கள். தெரியாது என்றேன். அதற்குப் பிறகுதான் கண்ணாடிப் பேழையைத் திறந்தேன். கடை பூட்டுகிறதற்கு முன்பே அழகுக்கென்று உள்ளே வைத்த ஜோடி, கறுப்பு, கண்ணாடி மாதிரி முகம் தெரியும். யார் கையும் படாத சரக்கு என்று சொன்னேன். இதுதான் சுத்தம் என்று சொன்னது நீங்கள். பழியைப் பங்கு போட இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் பங்கு தானாக விழுகிறது, நான் என்ன செய்ய.

அலுவலகத்தில் நடந்ததை மாப்பிள்ளை உங்களிடம் ஒரு மாதிரி சொல்லியிருப்பார். எனக்கு அந்தக் கட்டடத்துக் காவலாளி சொன்னார், அவரும் என் வாடிக்கைதான். மின்தூக்கியில் நாலு பேருக்குமேல் ஏறக் கூடாது, அந்த நாலு பேரும் ஒட்டியிருக்கிற வட்டத்தில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்று விதி இன்னும் இருந்திருக்கிறது. வரிசை வாசல் வரைக்கும் நின்றதால், முதல் நாளே தாமதமாகப் போகக் கூடாதென்று மாப்பிள்ளை படியேறியிருக்கிறார். முதல் மாடி திரும்பும்போது சரக் சரக்கென்று சத்தம். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று நினைத்து, இடைவெளி விடவேண்டுமே என்று வேகமாக ஏறியிருக்கிறார். ஏற ஏறச் சத்தமும் கூடவே ஏறியிருக்கிறது. மேலே கம்பளம் விரித்த நீண்ட கூடம். புதிதாகக் கழுவி, மருந்து அடித்து, வாசனை தெளித்து வைத்திருந்த அந்தக் கம்பளத்தின்மேல் மாப்பிள்ளை நடந்த வழியெல்லாம் கறுப்பாகத் துணுக்குத் துணுக்காக உதிர்ந்திருக்கிறது. குதிகால் போனது, நடுப்பாகம் போனது, அவருக்கு மட்டும் தெரியவில்லை, வரவேற்புக்கு நின்ற மேலதிகாரி அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார். கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "எலிப் புழுக்கைங்க" என்று சொல்ல, இன்னொருவர், "அடுத்த நோய் எலியிலேருந்துதான் வருதுன்னு நேத்து வாட்சப்பில வந்துச்சு" என்று சொல்ல, அவ்வளவுதான், ரெண்டு வருஷம் கழித்து அன்று காலையில் ஒன்றுசேர்ந்த கூட்டம் ஒரே மூச்சில் படியில் இறங்கிவிட்டது. மாப்பிள்ளையால்தான் ஓட முடியவில்லை. இடது ஷூவின் அடிப்பாகம் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது, மேல்பாகம் அவரோடு கிளம்பியது, நடுவில் கணுக்கால் திரும்பியது. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து புகை அடித்து அந்தத் தளத்தையே பூட்டிவிட்டுப் போனார்கள். அரசாங்கம் ரெண்டு வருஷம் யோசித்துத் தளர்த்தியதை மாப்பிள்ளை ரெண்டே காலால் மறுபடி இறுக்கிவிட்டார் என்று காவலாளி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. உங்களிடம் மறைக்கவில்லை. உடனே நிறுத்திக்கொண்டேன்.

அன்று மாலைதான் உங்கள் போன். நீங்கள் சொன்னது அப்படியே நெஞ்சில் நிற்கிறது. "உங்க கடை ஷூவை நம்பி ரெண்டு மாடி ஏற முடியல. உங்க சம்பந்தத்தை நம்பி ஒரு ஆயுசு எப்படிங்க நடக்கிறது? கல்யாணத்தை விட்டுடலாம்." ஷூவைப் பற்றி நீங்கள் எது சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் சரக்கு எப்போதும் தங்கியதில்லை, அதனால் தங்கினால் என்ன ஆகும் என்று பார்த்ததில்லை. ஷூ செய்கிறவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக, "அண்ணே, அந்த அடிப்பாகம் நடந்துக்கிட்டே இருந்தாத்தான் உசுரோட இருக்கும். பெட்டியிலே வச்சீங்கன்னா ஈரத்தை இழுத்து உள்ளேயே மக்கிப்போயிடும். பார்த்தா புதுசு மாதிரியேதான் இருக்கும்" என்றார். போனை வைத்ததும் என் மகள் கடைக்கதவைச் சாத்திவிட்டு, "வாங்கப்பா, வளைச்சுப் பார்ப்போம்" என்றாள். அப்பனும் மகளுமாக உட்கார்ந்து இருக்கிற ஜோடியை எல்லாம் ஒவ்வொன்றாக வளைத்தோம். நல்லது வளைந்து திரும்பியது. மற்றது பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. விற்ற ஜோடிகளுக்கு ஆளைத் தேடித்தேடிப் போன் போட்டு, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பாருங்கள், வெளியே போய்விடாதீர்கள் என்று சொன்னேன். ஒரு பெரியவர், மறுபடியும் ஊரடங்கா என்று பதறிப்போய்க் கேட்டார்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கல்யாணத்தை நாம் மூன்று தரம் தள்ளி வைத்தோம். முதல் தரம் சட்டம் தடுத்தது, சரி. ரெண்டாம் தரம் கட்டுப்பாடு முழுக்கப் போகட்டும், உறவு மொத்தமும் வரட்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். மூன்றாம் தரம் ஏன் தள்ளினோம் என்று நம் ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. நல்ல நாள் வரட்டும், எல்லாம் சுத்தமாகட்டும், யார் கையும் படாமல் பத்திரமாக வைத்திருப்போம் என்று கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று இந்த வாரம் என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. என் மகளை ஷூவோடு ஒப்பிட்டேன் என்று அவளிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், கல்லாச் சாவி அவளிடம் இருக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. உதிர்ந்துகொண்டே போனபோதும் சிரித்தபடி போன ஆள் அவர். குடும்பத்துக்கு அது போதும். கோபத்தை என் சரக்கின்மேல் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள். வரச்சொன்னால் உங்கள் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன். நடந்தே வருகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கமும் மாப்பிள்ளைக்கு என் ஆசியும் சேரட்டும். உங்கள் வீட்டில் காய்ச்சல் இருமல் அண்டாதிருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சம்பந்தி
(இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை)

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது என் மகள் வந்து, யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். சொன்னேன். "எதுக்குப்பா இவ்ளோ கெஞ்சுறீங்க?" என்று கைப்பேசியை முன்னால் நீட்டினாள். பதிவு அலுவலகம் திறந்த அன்றைக்கே ரெண்டு பேரும் திருமணப் பதிவுக்கு நாள் வாங்கிவிட்டார்களாம், ஷூ உடைவதற்கு முன்பே. வருகிற வெள்ளிக்கிழமை. மேலே நான் கெஞ்சியதும் வீண், நீங்கள் வேண்டாம் என்றதும் வீண். ஒரு பக்கத்துக்கு ஒரு சாட்சிக்குத்தான் அனுமதி. உங்கள் பக்கத்துக்கு உங்களைத்தான் கேட்கப் போகிறாராம் மாப்பிள்ளை. நீங்கள் மறுத்தால் அவருடைய மேலதிகாரி அம்மா வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்களாம், எதிர்பாராத ரெண்டு நாள் விடுமுறைக்கு நன்றியாக. தயவுசெய்து நீங்களே வந்துவிடுங்கள். அந்த அலுவலகத்தில் மட்டும் ஆறடி இடைவெளி விதி இன்னும் தளரவில்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன், என்னோடு பேசாமல் நிற்பது உங்களுக்குச் சிரமமாக இருக்காது.