நிலா கயிற்றை இழுத்த விவகாரம்

மணிமங்கலம்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் இளம்பரிதி அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், வழக்கறிஞரும், நோட்டரியுமான கண்ணப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான், செந்தாமரை, மகள் நிலா ஆகிய மூவரும் நலம். இது கடிதம் எழுதும் இந்நேரத்து நிலவரம் மட்டுமே. குன்றத்தூரில் தாங்கள் அனைவரும் நலமாக இருப்பதாகக் கருதிக்கொள்கிறேன். நேரில் சரிபார்க்கவில்லை.

நிலா படித்த அதே நெதர்லாந்துக் கல்லூரிக்கு, தலைமைப் பண்பும் தொழிற்சாலை நிர்வாகமும் கற்பிக்கும் அதே படிப்புக்கு, தங்கள் மகள் சுபஸ்ரீயை அனுப்பலாமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும், “மாப்ள, நீங்க சரின்னா அனுப்புறேன், வேணான்னா அந்தப் பேச்சே கெடையாது” என்றும் சொன்னீர்கள். ஒரு பெண்ணின் எதிர்காலத்தை என் ஒரு சொல்லில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட சொல்லை வாயால் சொல்வது என் வழக்கமன்று, ஆகவே எழுதுகிறேன்.

நிலா திரும்பி வந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. வெளிநாட்டில் படித்து வந்த பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயம். இவளோ எதைக் கேட்டாலும் “தெரியலப்பா, பாத்துச் சொல்றேன்” என்றாள், அதுவும் முகத்தில் துளி வெட்கமின்றி. கூடத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்ட பெயிண்டரிடமே “நீங்க இன்னா நெனைக்கிறீங்கண்ணா?” என்று திருப்பிக் கேட்டாள், அவர் “என்னிய யாரும் இதெல்லாம் கேட்டதில்லம்மா” என்று பிரஷ்ஷை வைத்துவிட்டு யோசிக்க உட்கார்ந்தவர்தான், சுவர் இன்றுவரை பாதியில் நிற்கிறது. எதிராளியின் வாயைக் கிளறிவிட்டுத் தன் கருத்தை மறைத்துக்கொள்ளும் உத்தியை நானும் குறுக்கு விசாரணையில் கையாள்வதுண்டு. அது என் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே இவர்களுக்கு என்னதான் கற்பித்தார்கள் என்று துருவினேன். ஆறு நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை நடத்தச் சொன்னார்களாம். நிலாவின் தலைமையில் அந்தக் கடை மூடப்பட்டதாம். ஏன் மூடினோம், அதில் என் தவறு எது என்று அவள் எழுதிய கட்டுரைக்குத்தான் முதல் மதிப்பெண்ணாம். கடையை மூடவைத்தவளுக்கு முதலிடம்! இந்தப் பின்னணி தெரியாமல் கோர்ட் வளாகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தவன் நான்.

இனி முக்கிய சம்பவத்துக்கு வருகிறேன். நிலா ஒரகடத்தில், பெயர் இங்கே அவசியப்படாத ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், பிரேக் குழாய் மாட்டும் லைனுக்குப் பொறுப்பாளராக இருக்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த லைனுக்கு மேலே நீளமாக ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். குறை கண்டவர் எவரும் அதை இழுக்கலாம். லைன் நின்றுவிடும், மஞ்சள் விளக்கு எரியும். விதி அப்படி. நடைமுறையில் அதை யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் லைன் நின்றால் காரணம் யார் என்ற கேள்வி எழும். சென்ற வியாழக்கிழமை அந்தக் கயிற்றை என் மகள் இழுத்துவிட்டாள். குறை யாருடையது? அவளுடையதே. போல்ட்டை எந்த அளவுக்கு முடுக்க வேண்டும் என்று காலையில் பலகையில் தப்பான எண்ணை எழுதிப்போட்டவள் அவள்தான். பிரேக் என்பதால் லைனை நிறுத்தியதை நான் ஆட்சேபிக்கவில்லை. நிறுத்திய பிறகு ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று “தப்பு என்னுது, யாரும் பயப்படாதீங்க” என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னதைத்தான் ஆட்சேபிக்கிறேன். கையும் களவுமாகப் பிடிபட்டாலும் “விசாரித்துச் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள் என்பதுதான் என் கட்சிக்காரர்களுக்கு நான் தொழில் தொடங்கிய நாள் முதல் சொல்லிவரும் அறிவுரை. என் சொந்த மகளோ அன்று வீட்டுக்கு வந்து, “இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணேம்பா” என்று சொல்லிக்கொண்டே தட்டின் முன் உட்கார்ந்தாள்.

“எழுத்துல எதுனா குடுத்தியா?”

“மெயில் போட்டேன்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்பா.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கள் தங்கைதான் “இன்னாங்க, கொலையா பண்ட்டா? ரசம் ஊத்திக்கங்க” என்றாள். முன்ஜாமீன் மனுவுக்கு ஒரு வரைவும், ‘பலகையிலிருந்த எண் ஈரக்காற்றில் உருமாறியிருக்கக்கூடும்’ என்று ஒரு விளக்கக் கடிதமும் அன்றே தயாரித்தேன். நிலா இரண்டையும் பொறுமையாகப் படித்துவிட்டு, “அழகா எழுதிக்கிறீங்கப்பா” என்று சொல்லிக் கையெழுத்துப் போடாமல் தூங்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக நானே தொழிற்சாலைக்குப் போனேன். “சார், கோர்ட்டு இங்க இல்ல” என்று வாட்ச்மேன் வழிமறித்தார். விவரம் சொன்னதும் உள்ளே விட்டு, இரும்பு முனை வைத்த காலணி ஒரு ஜோடி கொடுத்தார்கள். இரண்டும் இடது கால். அவற்றோடு நொண்டியபடி மனிதவள அதிகாரியைச் சந்தித்து, என் மகள் மீது என்ன நடவடிக்கை உத்தேசம் என்று கேட்டேன். “நடவடிக்கையா? நாங்க எல்லாரும் கை தட்டினோம் சார்” என்றார். கை தட்டியதை எழுத்தில் தர முடியுமா என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பு பதிலாகாது என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

கேன்டீனில் மாரிசெல்வி என்ற பெண் தானாக வந்து பேசினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், படப்பையில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி இதே லைனில் வேலை பார்ப்பவள். “நிலாக்கா அப்பாவா? அக்கா பெட்டி மேல ஏறுனப்ப, இதுக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்குன்னு நெனச்சோம். மறுநா நானே கயித்த இழுத்துட்டேம்லா! முன்னாடின்னா கோணலா மாட்டுனத மெதுவா அடியில தள்ளிருவோம். இப்ப தள்ள மனசு வரமாட்டுக்கு” என்றாள்.

“இப்படிச் சொல்லும்படி உனக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?” என்று கேட்டேன்.

“என்ன வக்கீலய்யா, எனக்குச் சொல்லியா தரணும்? என் பேச்ச நிறுத்தத்தான் ஆளு வேணும்.”

சாட்சி இவ்வளவு சரளமாகப் பேசும்போதுதான் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. கை தட்டிய அதே கை நாளை குற்றப்பத்திரிகை எழுதாது என்பதற்கு உத்தரவாதம் எங்கே? ஆகவே மச்சான், என் கருத்து: சுபஸ்ரீயை அனுப்ப வேண்டாம். சென்ற முறை நான் வந்திருந்தபோது அவள் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டதை நேரில் கண்டேன். வீட்டில் பூனையே கிடையாது. இயல்பிலேயே அமைந்த அந்தத் தற்காப்புத் திறனைக் கடல் கடந்து போய்த் தொலைக்க வேண்டுமா?

மலைக்கோயிலுக்கு ஏறும்போது முருகனிடம் எங்களையும் சொல்லிவையுங்கள். சுபஸ்ரீக்கு என் ஆசிகள். இந்த ஆசிகள் மேற்சொன்ன கருத்தை எவ்வகையிலும் பாதிக்கா.

தங்கள் அன்பிற்குக் கட்டுப்பட்ட,
கண்ணப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிட்டு, என் அலுவலகத்தில் நெடுங்காலமாகத் தட்டச்சு செய்துவரும் சொர்ணம்மாளிடம் அஞ்சலில் சேர்க்கக் கொடுத்தேன். அவர் போகாமல் நின்றார். “சார், ஒண்ணு சொன்னா கத்தமாட்டீங்களே?” கத்தினேன். அதையும் மீறிச் சொன்னார். “வாடகைக்காரர வூட்ட காலி பண்ண சொல்லி நோட்டீஸ் அடிச்சோமில்ல, அதுல பேர மாத்தி அடிச்சிட்டேன். நம்ம பார்ட்டியே அவரோட சொந்த வூட்ட காலி பண்ணணும்னு கீது. நீங்களும் படிக்காம கையெழுத்து போட்டுட்டீங்க. இப்பதான் தபால் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன்.” நானும் அவரும் ஓடினோம். தபால் பையைக் கட்டுவதற்குள் அந்த நோட்டீஸ் உறையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். மூச்சு வாங்கியபடி, இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படி வந்து சொன்னதே இல்லையே என்றேன். “நெலா பாப்பா டிபன் குடுக்க வந்தப்ப அந்தக் கயிறு கதய சொல்லிச்சு சார். இங்க கயிறு இல்லியேன்னு பாத்தேன். அப்பறம், வாயி கீதேன்னு...” என்றார். அப்படியானால் இதற்கு முன்பு நடந்தவை? “அதெல்லாம் இப்ப வேணா சார்” என்றார். எந்தெந்த வழக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்கும் உரிமை எனக்குண்டு. ஆனால் தபால் ஆபீஸ் வாசலில், நாலு பேர் பார்க்க, “தப்பு என்னுதும்தாம்மா” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு ஒன்றும் ஆகவில்லை மச்சான். அந்த அம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆகவே இக்கடிதத்தின் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன்: மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். திருத்தி எழுதவில்லை; அது ஆவணத்தைச் சிதைப்பதாகும். சுபஸ்ரீ போகட்டும். தப்பு செய்தால் சொல்லட்டும், பெட்டி மேல் ஏறி நின்றும் சொல்லட்டும். மெயில் மட்டும் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். படித்ததும் இக்கடிதத்தைக் கிழித்துவிடவும்.